அமெரிக்காவின் மிக மோசமான அதிபர் யார்? இடம் மாறிய இரண்டு பெயர்கள்

1948 நவம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் ஒரு பட்டியல் வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர் 55 வல்லுநர்களிடம் கேட்டு, அதுவரை நாட்டை ஆண்ட அதிபர்களைத் தரம் பிரித்திருந்தார். பதவியேற்ற கொஞ்ச நாளிலேயே இறந்துபோன இரண்டு பேரையும், அப்போது பதவியில் இருந்த ட்ரூமனையும் விட்டுவிட்டு மொத்தம் 29 பேர். 'மகத்தானவர்' என்று தொடங்கி 'தோல்வி' என்று முடிகிற ஐந்து படிகள். கடைசிப் படியில் இரண்டே பேர்: யுலிசிஸ் கிராண்ட், வாரன் ஹார்டிங். ஆண்ட்ரூ ஜான்சன் 19-ஆவது இடத்தில், 'சராசரி' என்ற படியில் இருந்தார்.

2021-இல் சி-ஸ்பான் தொலைக்காட்சி இதே மாதிரி 142 பேரிடம் கேட்டு ஒரு பட்டியல் வெளியிட்டது. 44 பேரில் கிராண்ட் 20-ஆவது இடத்துக்கு ஏறிவிட்டார். ஆண்ட்ரூ ஜான்சன் 43-ஆவது இடத்துக்கு இறங்கிவிட்டார். அவருக்கும் கீழே இருந்தவர் ஜேம்ஸ் புக்கேனன் மட்டுமே.

ஜான்சன் இறந்தது 1875-இல். கிராண்ட் இறந்தது 1885-இல். இரண்டு பட்டியல்களுக்கும் நடுவே அவர்கள் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை. அவர்களைப் பற்றிய முக்கியமான ஆவணங்கள் 1948-லும் இருந்தவைதான். அப்படியானால் என்ன மாறியது? மோசமான அதிபர் யார் என்று வாதாடுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால், இதற்குப் பதில் தேடினால் அமெரிக்க வரலாற்றின் ஆகப்பெரிய காயத்துக்கே போய்ச் சேர்வோம்.

முதலில் இந்தப் பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன என்று பார்த்துவிடலாம். சி-ஸ்பான் பத்துத் தலைப்புகளில் மதிப்பெண் கேட்கிறது. மக்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன், நெருக்கடியைச் சமாளித்த விதம், பொருளாதாரம், தார்மீக மதிப்பு, வெளியுறவு, நிர்வாகத் திறமை, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துடனான உறவு, தொலைநோக்கு, எல்லோருக்கும் சமநீதி தேடிய அளவு, தன் காலத்துச் சூழலில் நடந்துகொண்ட விதம். பத்துக்கும் ஒரே எடை. கூட்டிப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தலைப்பில் இழைத்த பெரும் தீங்கை இன்னொரு தலைப்பில் வாங்கிய நல்ல மதிப்பெண் ஈடுகட்டிவிடும்.

ரிச்சர்ட் நிக்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர்கேட் ஊழலை மூடிமறைக்கப் போய் 1974 ஆகஸ்ட் 9-இல் பதவியைத் துறந்தவர். அப்படிப் பதவி விலகிய ஒரே அதிபர். ஆனால் 1972-இல் சீனாவுக்குப் போனார், சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தை உருவாக்கினார். அதனால் 2021 பட்டியலில் 31-ஆவது இடத்தோடு தப்பித்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் இருக்கும் நமக்கு நிக்சன் என்றால் வேறு நினைவு வரும். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவம் தன் சொந்த மக்களைக் கொன்று குவித்தது. டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டும் அவருடைய சகாக்களும் அதைக் கண்டித்து வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார்கள். நிக்சன் பாகிஸ்தான் ஆட்சியாளரின் பக்கமே நின்றார். டிசம்பரில் 'என்டர்பிரைஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார். டாக்காவில் ஒரு பட்டியல் தயாரித்தால் நிக்சனுக்கு எந்த இடம் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்கப் பட்டியல்களில் அமெரிக்காவுக்கு வெளியே செத்தவர்கள் பெரிதாகக் கணக்கில் வருவதில்லை. அமெரிக்காவுக்கு உள்ளேயே யார் கணக்கில் வந்தார்கள், யார் வரவில்லை என்பதுதான் கிராண்ட், ஜான்சன் இருவரின் கதையும்.

இன்னொரு சிக்கல், கிட்டத்தில் இருந்து பார்ப்பது. 1952 பிப்ரவரியில் ட்ரூமனுக்கு மக்களிடையே இருந்த ஆதரவு 22 சதவீதம். அப்படி வெறுக்கப்பட்டவர் 2021 பட்டியலில் ஆறாவது இடம் பிடித்தார். ஐசன்ஹோவர் 1962-இல் ஷ்லெசிங்கர் எடுத்த இரண்டாவது கணக்கெடுப்பில் 22-ஆவது. 2021-இல் ஐந்தாவது. இதனால்தான் டொனால்ட் டிரம்ப் பற்றிய தீர்ப்பை நான் இந்தக் கட்டுரையில் எழுதப் போவதில்லை. சி-ஸ்பான் 2021-இல் அவரை 41-ஆவது இடத்தில் வைத்தது. 2024-இல் 154 அறிஞர்களிடம் எடுத்த இன்னொரு கணக்கெடுப்பு அவரைக் கடைசியிலேயே வைத்து, புக்கேனனை ஒரு படி மேலே ஏற்றியது. 2020 தேர்தலின் முடிவை ஏற்க மறுத்தது, 2021 ஜனவரி 6-இல் அவருடைய ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது, இரண்டு முறை பதவிநீக்க விசாரணை நடந்தது ஆகியவற்றை அந்த அறிஞர்கள் கனமாக எடுத்துக்கொண்டார்கள். அறிஞர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தவர்கள் என்று குடியரசுக் கட்சியினர் சொல்கிறார்கள். அந்த ஆட்சேபத்தைப் புறந்தள்ள முடியாது. செனட் இரண்டு முறையும் அவரைத் தண்டிக்கவில்லை. 2024-இல் வாக்காளர்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். கதை முடியாத ஒருவரை முடிந்த கதைகளோடு சேர்த்து வரிசைப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1948-இல் கடைசியில் இருந்த ஹார்டிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவர் ஆட்சியில் (1921–23) நண்பர்கள் கொள்ளையடித்தார்கள். உள்துறையைப் பார்த்த ஆல்பர்ட் ஃபால், வயோமிங்கில் டீபாட் டோம் என்ற இடத்தில் கடற்படைக்கென ஒதுக்கியிருந்த எண்ணெய் வயலைப் பணம் வாங்கிக்கொண்டு குத்தகைக்கு விட்டு, பிறகு சிறைக்குப் போனார். பதவிக்காலத்தில் செய்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சர் அவர்தான். அசிங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதே ஹார்டிங்தான் 1921 அக்டோபரில் அலபாமாவின் பர்மிங்காமுக்குப் போய், தகுதியுள்ள கறுப்பருக்கு வாக்குரிமை வேண்டும் என்று தென்மாநில வெள்ளையர்கள் முன்னால் பேசினார். போரை எதிர்த்ததற்காகச் சிறையில் கிடந்த சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸை விடுவித்தார். எண்ணெய் ஊழலில் போனது பணம். பணத்தைத் திருடிய ஆட்சியையும் மனிதர்களின் வாழ்வைத் திருடிய ஆட்சியையும் ஒரே படியில் வைக்க என்னால் முடியாது.

ஹெர்பர்ட் ஹூவர் இன்னொரு வகை. 1929-இல் பதவியேற்ற ஏழே மாதத்தில் பங்குச்சந்தை சரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார வல்லுநர்கள் வேண்டாம் என்று எழுதியும் 1930-இல் இறக்குமதி வரியை உயர்த்தும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் வெளியேறும்போது உழைக்கத் தயாராக இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. தவறினார், உண்மைதான். ஆனால் உலகமே மூழ்கிய வெள்ளத்தில் அவரும் மூழ்கினார்.

சரி, புக்கேனனுக்கு வருவோம். அண்மைக் கணக்கெடுப்புகள் பலவும் கடைசியில் நிறுத்தும் இவர், தகுதியைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் முதல் வரிசையில் வந்திருக்க வேண்டியவர். பிரதிநிதிகள் சபை, செனட், ரஷ்யாவில் தூதர், வெளியுறவு அமைச்சர், பிரிட்டனில் தூதர் என்று எல்லாப் பதவிகளையும் பார்த்துவிட்டுத்தான் 1857 மார்ச் 4-இல் அதிபரானார். நாடு அப்போதே பற்றி எரிய ஆரம்பித்திருந்தது. அந்தத் தீயை வைத்ததில் அவருக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் பங்கு உண்டு. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க வட மாநில மக்களையும் கட்டாயப்படுத்தும் சட்டத்தில் 1850-இல் கையெழுத்திட்டவர் மில்லார்ட் ஃபில்மோர். ஒரு குறிப்பிட்ட அட்சரேகைக்கு வடக்கே அடிமைமுறை பரவக்கூடாது என்று 1820-இல் செய்துகொண்ட உடன்பாட்டை 1854-இல் கிழித்துப்போட்ட கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்துக்குத் துணைபோனவர் ஃபிராங்க்ளின் பியர்ஸ். பதவியேற்பதற்கு இரண்டு மாதம் முன்பு, ரயில் விபத்தில், உயிரோடு மிஞ்சியிருந்த தன் ஒரே மகன் கண்ணெதிரே இறப்பதைப் பார்த்த மனிதர் பியர்ஸ். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். ஆனால் அவர் கையெழுத்துக்குப் பிறகு கான்சாஸில் அடிமைமுறை ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்தார்கள்.

புக்கேனன் செய்தது என்ன? பதவியேற்பு உரையில், புதிய பிரதேசங்களில் அடிமைமுறை இருக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் இருக்கிறது, தீர்ப்பு எதுவானாலும் எல்லா நல்ல குடிமக்களையும் போல நானும் மகிழ்ச்சியோடு ஏற்பேன் என்றார். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் தீர்ப்பு எப்படி வரும் என்று அவருக்கு முன்பே தெரியும். பதவியேற்பதற்கு முந்தைய வாரங்களில் அவர் நீதிபதிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தென்மாநில நீதிபதிகள் மட்டும் கொடுத்த தீர்ப்பாகத் தெரியக்கூடாது என்பதற்காக, தன் சொந்த மாநிலமான பென்சில்வேனியாவைச் சேர்ந்த நீதிபதி ராபர்ட் கிரையரைப் பெரும்பான்மையோடு சேரச் சொல்லித் தூண்டினார். இரண்டு நாள் கழித்து, மார்ச் 6-இல், விடுதலை கேட்டு ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. ஏழுக்கு இரண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினர் எவரும், அடிமையோ சுதந்திரரோ, அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது. பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரம் இல்லை. பதவியேற்கும் முன்பே நீதிமன்றத்துக்குள் கையை விட்டுத் தீர்ப்பை வளைத்த ஒருவர், மக்கள் முன்னால் நின்று ஒன்றும் தெரியாதவர் போலப் பேசினார். அவர் கணக்கில் நான் முதலில் எழுதுவது இதைத்தான்.

அப்புறம் கான்சாஸ். அடிமைமுறையை ஏற்கும் ஓர் அரசியல் சாசனத்தை லெகாம்ப்டன் என்ற ஊரில் மோசடியாகத் தயாரித்தார்கள். கான்சாஸ் மக்களில் பெரும்பான்மையோர் அதை விரும்பவில்லை என்று புக்கேனனுக்குத் தெரியும். இருந்தும் அதை ஏற்கச் சொல்லிக் காங்கிரசை நெருக்கினார். அவருடைய கட்சியின் பெரிய தலைவரான ஸ்டீபன் டக்ளஸே எதிர்த்து நின்றார். 1858 ஆகஸ்டில் கான்சாஸ் வாக்காளர்கள் 11,300-க்கு 1,788 என்ற கணக்கில் அதைத் தூக்கியெறிந்தார்கள். ஜனநாயகக் கட்சி வடக்கு தெற்கு என்று பிளந்தது. பிளந்த கட்சியைத் தோற்கடித்து 1860-இல், அடிமைமுறை பரவுவதை எதிர்த்த லிங்கன் 40 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான வாக்குகளோடு ஜெயித்தார்.

லிங்கன் ஜெயித்த நவம்பருக்கும் பதவியேற்ற மார்ச்சுக்கும் இடையே நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் அதிகாரம் புக்கேனன் கையில். டிசம்பர் தொடக்கத்தில் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், மாநிலங்கள் பிரிந்துபோவது சட்டவிரோதம், ஆனால் போகிற மாநிலத்தைப் பலவந்தமாகத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதினார். டிசம்பர் 20-இல் தென் கரோலினா பிரிந்தது. லிங்கன் வருவதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன. புக்கேனன் அமைச்சரவையில் இருந்த நிதியமைச்சர் காப், உள்துறை அமைச்சர் தாம்ப்சன், போர் அமைச்சர் ஃபிளாய்ட் மூவருமே பிறகு பிரிவினைவாதிகளோடு சேர்ந்தார்கள்.

அவர் சார்பாகச் சொல்வதற்கும் ஏதோ இருக்கிறது. டிசம்பரிலேயே படையை அனுப்பியிருந்தால் வர்ஜீனியா போன்ற மாநிலங்களும் உடனே எதிர்ப்பக்கம் போயிருக்கும் என்பார்கள். லிங்கனும் ஏப்ரலில் மத்திய அரசின் சம்டர் கோட்டை மீது குண்டு விழும்வரை காத்திருந்தார்தானே என்பார்கள். நியாயமான வாதம். அதனால்தான் கடைசி நான்கு மாதங்களைவிட முதல் இரண்டு ஆண்டுகளை நான் கனமாக எடுத்துக்கொள்கிறேன். வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்நாட்டுப் போர் வந்தே தீரும் என்ற நிலைக்கு நாட்டைத் தள்ளியவர்களில் அவர் முக்கியமானவர். அந்தப் போரில் செத்தவர்கள் குறைந்தது 6 லட்சம் பேர்.

இத்தனைக்குப் பிறகும் என் கணக்கில் கடைசி இடம் புக்கேனனுக்கு இல்லை. ஆண்ட்ரூ ஜான்சனுக்கு. (1960-களில் அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் வேறு ஆள்.)

ஆண்ட்ரூ ஜான்சன் தையற்காரராக வாழ்க்கையைத் தொடங்கிய டென்னசிக்காரர். பள்ளிக்கூடமே போகாதவர். தென்மாநிலங்கள் பிரிந்தபோது, பிரிந்த மாநிலங்களின் செனட்டர்களில் பதவியை விடாமல் ஒன்றியத்தின் பக்கம் நின்றவர் அவர் ஒருவரே. அதற்குத் துணிச்சல் வேண்டும், அந்தத் துணிச்சல் அவரிடம் இருந்தது. அதனால்தான் 1864-இல் லிங்கன் தரப்பு அவரைத் துணை அதிபர் வேட்பாளர் ஆக்கியது. 1865 ஏப்ரல் 15-இல் லிங்கன் இறந்தார். ஜான்சன் அதிபரானார்.

அந்த நேரத்தில் நாடு எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தெற்கு முழுக்கத் தோற்று விழுந்து கிடந்தது. 40 லட்சம் பேர் அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். பழைய பண்ணையார்கள் என்ன கட்டளை போட்டாலும் ஏற்க வேண்டிய நிலையில் இருந்தார்கள். அப்படி ஒரு வாய்ப்பு அந்த நாட்டுக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் ஓர் ஆணை போட்டிருந்தார். தென் கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரைக்கும் கடற்கரையோரத் தீவுகளையும் வயல்களையும் விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கும் ஆணை. சில மாதங்களில் சுமார் 40,000 பேர் அங்கே குடியேறி உழுது விதைத்துவிட்டார்கள். ஜான்சன் மே மாதத்தில் பொது மன்னிப்பு அறிவித்தார். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ள பெரிய பண்ணையார்கள் நேரடியாக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வைத்தார். கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்தார். மன்னிப்போடு நிலமும் திரும்பிப் போனது.

அக்டோபரில் ஜெனரல் ஆலிவர் ஹோவர்ட் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் போனார். விடுதலையானவர்களின் நலனுக்காக அமைத்த அரசுத் துறைக்கு அவர்தான் தலைவர். இந்த நிலம் உங்களுடையது இல்லை, பழைய முதலாளிகளோடு சமாதானமாகப் போங்கள், அவர்களை மன்னித்துவிடுங்கள் என்று சொல்வதற்காக அவரை அனுப்பியிருந்தார்கள். தேவாலயத்தில் கூடியிருந்த மக்கள் பதில் கடிதம் எழுதினார்கள். ஹோவர்ட் போரில் வலது கையை இழந்தவர். அவர்கள் எழுதினார்கள்: நீங்கள் போரில் ஒரு கையைத்தான் இழந்தீர்கள், உங்களால் அவர்களை மன்னிக்க முடியலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவன், என் தாயையும் தங்கையையும் ஆடை உரித்து அடித்தவன், அவன் சொல்லும் கூலிக்கு அவன் வயலில் நட்டால்தான் தன் காலிக் குடிசையில்கூட இருக்கவிடுவேன் என்கிறவன், எனக்கென்று நிலம் இருந்தால் நான் அவன் பக்கமே திரும்ப மாட்டேன் என்று தெரிந்தே எனக்கு நிலம் கிடைக்காமல் செய்கிறவன், அவனை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

நிலம் இல்லாதவனுக்குக் கூலி எப்படி, வீடு எப்படி, வாய்ச்சொல் எப்படி என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எடிஸ்டோ மக்களுக்கு அது புத்தகம் படித்துத் தெரிந்ததில்லை. அவர்கள் ஜான்சனுக்கும் தனியாக மனு எழுதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நிலம் பெரும்பாலும் பழைய கைகளுக்கே போனது. விடுதலையானவர்களில் பெரும்பாலோர் அதே வயல்களில் வாரத்துக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் உழைத்தார்கள்.

அடுத்து சட்டங்கள். ஜான்சன் உருவாக்க அனுமதித்த மாநில அரசுகளில் பழைய ஆட்களே திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். மிசிசிப்பி 1865 நவம்பரில் போட்ட சட்டப்படி, ஒவ்வொரு கறுப்பரும் ஜனவரியில் தனக்கு வேலை இருக்கிறது என்று எழுத்தில் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நாடோடி என்று பிடித்து அபராதம், அபராதம் கட்டாவிட்டால் அதைக் கட்டும் வெள்ளையருக்கு உழைப்பு. ஊருக்கு வெளியே விளைநிலம் குத்தகைக்கு எடுக்கக்கூடத் தடை. ஜார்ஜியா, பிரிவினை அரசின் துணை அதிபராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸையே அமெரிக்க செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. காங்கிரஸ் உள்ளே விடவில்லை, அது வேறு விஷயம்.

1866 பிப்ரவரியில் கறுப்பர் தலைவர் ஃபிரெடெரிக் டக்ளஸ் தலைமையில் ஒரு குழு வெள்ளை மாளிகைக்குப் போய் வாக்குரிமை கேட்டது. ஜான்சன் நீளமாகப் பேசி மறுத்தனுப்பினார். விடுதலையானோர் துறையை நீட்டிக்கும் சட்டத்தை வீட்டோ செய்தார். கறுப்பர்கள் குடிமக்கள்தான், ஒப்பந்தம் போட, வழக்குத் தொடுக்க, சொத்து வாங்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொன்ன 1866 சிவில் உரிமைச் சட்டத்தையும் வீட்டோ செய்தார். காங்கிரஸ் அந்த வீட்டோவை மீறி நிறைவேற்றியது. அவருடைய வீட்டோக்களில் 15-ஐக் காங்கிரஸ் முறியடித்தது. வேறு எந்த அதிபருக்கும் இத்தனை முறை இப்படி நடந்ததில்லை. கறுப்பர்களின் குடியுரிமையையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்த 14-ஆவது திருத்தத்தை ஏற்க வேண்டாம் என்று தென்மாநிலங்களிடம் சொன்னார். அதே ஆண்டு மே மாதம் மெம்ஃபிஸில் வெள்ளையர்கள் கும்பலாக வந்து 46 கறுப்பர்களைக் கொன்றார்கள். ஜூலையில் நியூ ஆர்லியன்ஸில் வாக்குரிமைக்காகக் கூடியவர்கள் மேல் பாய்ந்து பல பேரைக் கொன்றார்கள். 1867 டிசம்பரில் காங்கிரசுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில், தன்னைத்தானே ஆளும் தகுதி மற்ற எல்லா இனங்களையும்விடக் கறுப்பருக்குக் குறைவு என்று எழுதினார். ஓர் அதிபர் அதிகாரபூர்வ ஆவணத்தில் எழுதியது இது.

அவர் மேல் பதவிநீக்க விசாரணை நடந்தது இதற்காக இல்லை என்பது இந்தக் கதையின் துயரமான திருப்பம். போர் அமைச்சர் ஸ்டான்டனை செனட்டின் சம்மதம் இல்லாமல் நீக்கினார் என்பது 1868-இல் அவர் மேல் வைத்த முக்கியமான குற்றச்சாட்டு. செனட்டில் 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். ஒரு வாக்கில் தப்பினார். அமைச்சரை நீக்கவிடாமல் அதிபரைக் கட்டிப்போட்ட அந்தச் சட்டமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1926-இல் சொல்லிவிட்டது. உடனே என்ன ஆயிற்று? ஜான்சன் அரசியல் சாசனத்துக்காகத் தனியே போராடியவர் ஆகிவிட்டார். எடிஸ்டோ தீவு மறந்துபோனது. 1948-இல் அவர் 'சராசரி' ஆனது இப்படித்தான்.

அந்த மறதி தானாக வந்ததும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் போருக்குப் பிந்தைய காலத்தின் வரலாற்றை எழுதினார்கள். கறுப்பர்களுக்கு வாக்குரிமை கொடுத்ததுதான் பெரிய தவறு, தெற்கை ஊழலும் அராஜகமும் பிடித்தாட்டின, வெள்ளையர் ஆட்சி திரும்பியதும் ஒழுங்கு வந்தது என்பது அவர்கள் சொன்ன கதை. பள்ளிப் பாடங்களுக்குள்ளும் அதுவே போனது. கறுப்பர் அறிஞர் டு பாய்ஸ் 1935-இல் அந்தக் காலத்தைக் கறுப்பர்களின் பக்கமிருந்து விரிவாக எழுதினார். பல்கலைக்கழகங்கள் வெகுகாலம் அதைக் கண்டுகொள்ளவில்லை. கறுப்பர்களின் சிவில் உரிமை இயக்கம் வீதிக்கு வந்த 1950, 60-களில்தான் வரலாற்றாசிரியர்கள் பழைய காகிதங்களைத் திரும்ப எடுத்து, எடிஸ்டோ மக்கள் எழுதியது போன்ற கடிதங்களையும் சான்றாக எடுத்துக்கொண்டார்கள்.

கிராண்ட் மேலே ஏறியதும் அதே காரணத்தால்தான். அவர் ஆட்சியில் (1869–77) ஊழல் இருந்தது, அது கட்டுக்கதை இல்லை. சாராய வரியைச் சுருட்டிய கும்பலில் அவருடைய சொந்தச் செயலாளர் மேலேயே வழக்கு வந்தது. போர் அமைச்சர் பெல்க்நாப் லஞ்சக் குற்றச்சாட்டில் ராஜினாமா செய்தார். ஆட்களை எடைபோடத் தெரியாதவர் கிராண்ட். ஆனால் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் இரவில் வீடு புகுந்து கறுப்பர்களைக் கொன்றுகொண்டிருந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை. 1871-இல் அதற்கெனச் சட்டம் கொண்டுவந்தார். தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து, படையை அனுப்பி நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்தார். அந்தக் கிளான் அப்போதைக்கு உடைந்தது. டன்னிங்கின் மாணவர்கள் இதைக் கொடுங்கோன்மை என்று எழுதினார்கள். 1872-இல் பயமில்லாமல் வாக்குச்சாவடிக்குப் போக முடிந்த ஒரு கறுப்பரைக் கேட்டிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பார்.

கிராண்டும் கடைசிவரை நிற்கவில்லை. 1873-இல் பொருளாதாரம் சரிந்தது, வடக்கு சலித்துப்போனது. 1875-இல் மிசிசிப்பி ஆளுநர் ஏம்ஸ் படை கேட்டபோது அனுப்பவில்லை. லகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் கதையில் கிராண்டுக்கு நல்ல இடமே கிடையாது. 1868 ஒப்பந்தத்தில் அவர்களுடையது என்று எழுதிக்கொடுத்த 'பிளாக் ஹில்ஸ்' குன்றுகளில் தங்கம் கிடைத்ததும், அதைப் பிடுங்குவதற்கான போரைத் தொடங்கியது அவருடைய அரசு. 1829 முதல் 1837 வரை அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் 2000-இல் 13-ஆவது இடத்திலிருந்து 2021-இல் 22-ஆவது இடத்துக்கு இறங்கியதும் இந்தக் கணக்கில்தான். அவர் 1830-இல் கையெழுத்திட்ட வெளியேற்றச் சட்டத்தால் செரோக்கி மக்கள் மேற்கே துரத்தப்பட்டார்கள். வழியிலும் முகாம்களிலும் செத்தவர்கள் சுமார் 4,000 பேர். பூர்வகுடிகளின் பார்வை இன்னும் முழுதாகப் பட்டியலுக்குள் வரவில்லை. வந்தால் ஜாக்சன் இன்னும் கீழே போவார், கிராண்டும் கொஞ்சம் இறங்குவார் என்று நினைக்கிறேன்.

புக்கேனனா ஜான்சனா என்ற கேள்விக்கு இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன். புக்கேனனுக்குப் பின்னால் லிங்கன் வந்தார். பெரும் ரத்தம் சிந்தியே ஆனாலும், புக்கேனன் கைகழுவிவிட்ட ஒன்றியம் நான்கு ஆண்டில் திரும்ப ஒட்டியது, அடிமைமுறை ஒழிந்தது. ஜான்சன் கெடுத்ததைச் சரிசெய்ய அப்படி ஒருவர் வரவில்லை. எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்த இரண்டு ஆண்டில் அவர் ஒவ்வொன்றாகச் சாத்தினார். காங்கிரஸ் பிறகு முட்டித் திறந்தவையும் நிலைக்கவில்லை, ஏனென்றால் நிலம் கைவிட்டுப் போயிருந்தது, பழைய முதலாளிகள் எழுந்து நின்றிருந்தார்கள். லூயிசியானாவில் 1896-இல் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர்கள் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர். அந்தப் பெயர்களைத் திரும்ப எழுதவைக்கும் சட்டம் 1965 ஆகஸ்ட் 6-இல்தான் வந்தது, எடிஸ்டோ மக்கள் கடிதம் எழுதி நூறு ஆண்டு ஆகப்போகும் நேரத்தில்.